மாடியறையில் ஒரு தபால் கந்தோர்

டிக்கோயாவில் எங்கள் வீட்டுக்கு இணையம் ஒரேயொரு யன்னலால்தான் வரும். கீழ்வீட்டுக்கும் சிக்னல் கோபுரத்துக்கும் நடுவில் மலை நிற்கிறது. மாடியறை யன்னலோரத்தில் டொங்கிளை வைத்தால் மட்டும் மூன்று, நான்கு கோடு காட்டும். அதனால் நானா, வாப்பாவின் கடையில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கணினியை அங்கே வைத்து, லினக்ஸ் போட்டு, அதில் டொங்கிளைச் செருகினார். அதிலிருந்து ஒரு கேபிள் கீழே இறங்கி வைஃபை பெட்டிக்கு வருகிறது. எங்கள் கைப்பேசிகளும், பின்னேரங்களில் பக்கத்து லயத்திலிருந்து படிக்க வரும் மூன்று பிள்ளைகளின் கைப்பேசியும் அதில்தான் இயங்குகின்றன.

லினக்ஸின் கருவை 1991இல் எழுதத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவர் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவர். இந்தப் பணிசெயல் முறைமையைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பழைய கணினியிலும் ஓடும். எங்களுக்கு அது போதும்.

இரண்டு மாதங்களுக்கு முன் நானா கட்டாருக்கு வேலைக்குப் போனார். போன மாதம் ஒருநாள் காற்று மழையில் மரம் விழுந்து கரண்ட் போனது. யு.பி.எஸ். பெட்டரியும் தீர்ந்து, மாடிக் கணினி நின்றது. அஸர் தொழுகைக்குப் பிறகு கரண்ட் வந்தது, இணையம் வரவில்லை. ஏழு மணிக்குப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு.

"நானாவுக்கு கோல் எடுத்துப் பாருங்க மகள்" என்றார் உம்மா. நானா வேலையில் இருந்தார், பதில் இல்லை. "டவுனிலிருந்து யாராவது பையனைக் கூட்டி வரவா?" என்று வாப்பா கேட்டார். உயர்தரத்தில் நான் படிக்கும் பாடமே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்தான். "முதலில் நான் பார்க்கிறேன் வாப்பா" என்றேன்.

"இணையம் இல்லை" என்பதை அப்படியே வைத்துக்கொண்டு தேட முடியாது. அதைச் சிறு கேள்விகளாக உடைக்க வேண்டும். முதல் கேள்வி: மாடிக் கணினிக்கு வெளியுலகம் தெரிகிறதா? கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் அனுப்பினேன். பதில் வந்தது. சிக்னலும் டேட்டாவும் சரி. இரண்டாவது: பெயரைக் கொடுத்தால் முகவரியைக் கண்டுபிடிக்கிறதா? அதுவும் சரி. மூன்றாவது: கீழேயுள்ள கைப்பேசி மாடிக் கணினியை எட்டுகிறதா? கைப்பேசிக்கு 192.168 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தது; கணினியும் பதில் சொன்னது. அப்படியென்றால் வெளியே போகும் பாதையும் நல்லது, வீட்டுப் பாதையும் நல்லது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கோளாறு.

இந்த இடத்தில் எனக்குப் பக்கத்து லயத்து அக்கா நினைவுக்கு வந்தார். அந்த லயத்துக் கதவுகளுக்குத் தனி முகவரி இல்லை. எல்லோருடைய கடிதங்களும் தோட்டத்து ஆபிசின் பெயருக்கு வரும். அங்கிருந்து யாராவது பிரித்துக் கொடுக்க வேண்டும். கல்வியியற் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு அக்காவை அழைத்த கடிதம் ஆபிசுக்கு வந்து அங்கேயே கிடந்தது. கைக்குக் கிடைத்தபோது தேர்வு நாள் முடிந்திருந்தது.

எங்கள் மாடிக் கணினி செய்வதும் அதே ஆபிஸ் வேலைதான். இப்போதும் பெருமளவில் பயன்படும் ஐ.பி. பதிப்பு 4இல் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. அது உலகத்துக்குப் போதாது என்பதால், ஒரே முகவரிக்குப் பின்னால் பல கருவிகள் இருக்கும் முகவரி மாற்று முறையை 1994இல் முன்வைத்தார்கள். எந்தப் பொதி எந்தக் கைப்பேசிக்கு உரியது என்று நடுவில் உள்ள கணினி குறித்து வைத்துப் பிரித்துக் கொடுக்கும்.

ஆனால் லினக்ஸ் கணினி தானாகவே அடுத்தவரின் பொதியைக் கடத்தாது. "ஐ.பி. ஃபோர்வர்ட்" என்ற அமைப்பில் 1 என்று இருந்தால்தான் கடத்தும்; 0 என்றால் தனக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். திறந்து பார்த்தேன். 0 என்று இருந்தது. நானா போட்ட 1 நினைவகத்தில் மட்டும் இருந்தது. கணினி நின்றதும் அழிந்துவிட்டது. முகவரி மாற்று விதியை அவர் கோப்பில் சேமித்திருந்ததால் அது மட்டும் திரும்ப வந்திருந்தது.

1 என்று மாற்றினேன். கீழே தங்கச்சி சத்தம் போட்டாள். அல்ஹம்துலில்லாஹ், மணி ஆறரை. அடுத்த தடவையும் அழியாதபடி அமைப்புக் கோப்பிலும் அதை எழுதி, கணினியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்த்தேன். 1 அப்படியே இருந்தது.

ஏழு மணிக்கு அக்காவின் தம்பி ஈரக் குடையோடு வந்து வகுப்பில் உட்கார்ந்தான். மாடிக் கணினி நின்றது எவருடைய கவனக்குறைவாலும் அல்ல. ஆனாலும் அதற்குப் பின்னால் இருந்த நான்கு பிள்ளைகளின் வகுப்பு அதோடு போகப் பார்த்தது. நடுவில் இருப்பவர் கைமாற்றாவிட்டால் பின்னால் இருப்பவர் எவ்வளவு படித்திருந்தும் பயனில்லை என்பதை அக்கா என்னைவிட முன்பே அறிந்திருந்தார். ஐ.பி. பதிப்பு 6இல் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கொடுக்க இடமிருக்கிறது. லயத்தின் ஒவ்வொரு கதவுக்கும் ஓர் இலக்கம் கொடுப்பது அதைவிடக் கடினமான வேலையாக இருக்க முடியாது.

அந்தக் கேள்விகளையும், நான்காவதாக "1 இருக்கிறதா?" என்பதையும் கொப்பித்தாளில் எழுதி மாடிக் கணினியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் மீண்டும் இணையம் நின்றபோது நான் பாடசாலையில் இருந்தேன். உம்மா முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிட்டார்: டேட்டா முடிந்திருந்தது.