பத்து வெள்ளி

கோயில் கூரையில் ஒரு வெள்ளைக்காரத் துரை நிற்கிறார். வெள்ளை உடுப்பு, தலையில் வெயில் தொப்பி. அக்கம்பக்கமெல்லாம் தெய்வங்கள். மலேசியாவின் ஈப்போவுக்குத் தெற்கே, பத்து காஜா போகிற வழியில் இருக்கும் மகா மாரியம்மன் கோயில் இது.

துரையின் பெயர் வில்லியம் கெல்லி ஸ்மித். ஸ்காட்லாந்துக்காரர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, ரப்பரில் பணம் பார்த்தவர். 1915 வாக்கில் ஆறு மாடிக் கோபுரத்தோடு ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார், அதுதான் கெல்லி கோட்டை. கட்டுமான வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்களை வரவழைத்தார். செங்கல்லும் ஓடும்கூட இந்தியாவிலிருந்தே கப்பலேறி வந்தன என்கிறார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கொள்ளைக் காய்ச்சல் புகுந்து ஆட்களை வாரிக்கொண்டு போனது. முதல் உலகப்போர் முடியும் சமயம் உலகத்தையே உலுக்கிய ஃபுளூ அது. மிஞ்சியவர்கள் துரையிடம் போய், ஆத்தாளுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்களாம். துரை சம்மதித்தார். அந்த நன்றிக்கு அவரையும் சுதையில் செய்து மேலே ஏற்றிவிட்டார்கள்.

1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு ஸ்மித் இறந்துபோனார். மாளிகை அரைகுறையாக நின்றது. இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். பேய் உலவும் தாழ்வாரம், சுரங்கப்பாதை என்று கதை பேசியபடி எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கோயில் பக்கம் வருகிறவர்கள் குறைவு.

அந்தச் சிலை முதலில் என்னை உறுத்தியது. அப்புறம், கம்பம் பள்ளத்தாக்கில் அணை கட்டிய பென்னிகுயிக் துரையின் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கும் விவசாயிகள் நினைவுக்கு வந்தார்கள். தண்ணீர் தந்தவரைச் சாமிக்குப் பக்கத்தில் வைப்பது நம் ஆட்களுக்குக் கைவந்த விஷயம்தான். ஆனால் காய்ச்சலில் செத்தவர்கள் யார் யார்? பக்கத்துப் பாயில் படுத்திருந்தவனுக்குக் கஞ்சி ஊற்றியவர் யார்? கோயில் கேட்கலாம் என்று முதலில் சொன்னவர் யார்? அங்கே நான் பார்த்தவரை ஒரு பெயர்கூட இல்லை.

ஈப்போவுக்குத் திரும்பினால் 1917இல் முடிந்த அந்த வெள்ளை ரயில் நிலையத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. கும்மட்டமும் வளைவுகளுமாக அழகுதான். எனக்கோ புந்தோங் பக்கம் போகும் அவசரம். அங்கே கச்சாங் பூத்தே கிராமம் என்றே ஒன்று இருக்கிறது. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்தவர்கள், வறுத்த கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் தலையில் சுமந்து விற்றுப் பிழைத்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக உறவுகளை அழைத்து வந்து உருவாக்கிய குடியிருப்பு. இன்று எல்லா இனத்தவரும் வண்டியை நிறுத்தி வாங்கிப் போகிறார்கள். நானும் இரண்டு பொட்டலம் வாங்கினேன். காரம் தூக்கல்.

மறுநாள் வடக்கே சுங்கை சிப்புட். வேன் ஓட்டிய அண்ணன் அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. “இதெல்லாம் பால்மரக் காடா இருந்துச்சு தம்பி” என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தார். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே பால் வெட்டப் போகவேண்டும். அவருடைய அம்மா அவரை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நெரைக்கு, அதாவது தன் மர வரிசைக்குப் போவாராம். அம்மாவின் பால் வாளி நிறையாத நாளில் பக்கத்து நெரைக்காரி தன் வாளியிலிருந்து கொஞ்சம் ஊற்றுவாளாம். கணக்குப் பார்க்கும் கிராணிக்குத் தெரிந்தால் திட்டு விழும். லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு சாவு என்றால் அந்த வரிசையில் யார் வீட்டிலும் அடுப்பு எரியாது.

அந்த லயம், பள்ளிக்கூடம், கோயில், கள்ளுக்கடை, எல்லாமே தோட்டத்து நிலத்தில். வேலை போனால் வீடும் போகும். 1957இல் நாடு சுதந்திரம் பெறுவதை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தலைமுறைகளாகக் காடு வெட்டிய குடும்பங்கள் மூட்டையோடு சாலையில் நின்றன.

சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த வீ.தி. சம்பந்தன் அப்போது அமைச்சர். தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காக அவர் முயற்சியில் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி; அந்த ஊர்ப் பணத்துக்கு அதுதான் பெயர். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தினக்கூலி வாங்குகிறவர்களுக்குப் பத்து வெள்ளி என்பது அரிசியிலும் பிள்ளையின் சட்டையிலும் கைவைத்தால்தான் மிஞ்சும் காசு. தோட்டம் தோட்டமாகப் போய்ச் சம்பந்தன் கேட்டார், அவர்கள் கொடுத்தார்கள். முதலில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் கைக்கு வந்தது, பிறகு மற்றவை. விற்கப்படவிருந்த காட்டை அதில் பால் வெட்டியவர்களே வாங்கியதை நினைத்தால் கெல்லி கோட்டையெல்லாம் எனக்குச் சின்னதாகத் தெரிகிறது. கோலாலம்பூரில் பெரிய சாலை ஒன்றுக்குச் சம்பந்தன் பெயர் வைத்திருக்கிறார்கள். தகும். பத்து வெள்ளி கட்டியவர்களுக்குப் பங்குச் சீட்டு இருக்கிறது, அது போதும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

சங்கத்தால் எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது அத்தனை ஆள் தேவைப்படவில்லை. வீடமைப்புத் திட்டங்களும் தோட்டங்களை விழுங்கின. சனம் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறியது. வேன் அண்ணன் பிறந்த லயத்தையும் இடித்தாயிற்று. அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. வருஷம் ஒரு தரம் திருவிழா. நான் போனது அன்றைக்குத்தான்.

பினாங்கு, கிள்ளான், ஜொகூர் என்று எங்கெங்கோ இருந்து கார்கள் வந்து செம்மண்ணில் சாய்ந்து நின்றன. சிங்கப்பூர் எண் பலகையும் கண்ணில் பட்டது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், “எந்த லயம்?” என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். “அது சரி, யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?” என்றார். வேன் அண்ணனின் அம்மா பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அந்த அம்மா அவருக்கு ஒரு காலத்தில் ரசம் ஊற்றியிருக்கிறார். அதற்காகவோ என்னவோ, என் இலையில் இன்னொரு அப்பளம் விழுந்தது.

சாப்பாடு முடிந்ததும் செயலாளர் ஒலிபெருக்கியில் வரவு செலவு வாசித்தார். யார் எவ்வளவு என்று ஒவ்வொரு பெயராக. ஐம்பது வெள்ளி, ஐந்நூறு வெள்ளி, பத்து வெள்ளியும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே குரலில் படித்தார். வாழையிலைச் செலவு வந்தபோது முன்வரிசைப் பாட்டி ஒருவர் கையைத் தூக்கினார்.

“இலைக்கு இவ்வளவா?”

“ரசீது இருக்கு பாட்டி.”

“இருந்தா படிடா, கேப்போம்.”

கடைப் பெயர், கட்டு எண்ணிக்கை, விலை என்று முழுதும் படித்தார். அடுத்தது பந்தல் வாடகை. அதிலும் பாட்டிக்கு ஒரு சந்தேகம் இருந்தது.