‘சும்மா’ இருந்தவர் கணக்கு

பொருளியல் துறை நண்பர் ஒருவர், தம் மாணவர்க்கென எழுதிய பாடக்குறிப்பினைத் தமிழ்நடை திருத்தித் தருமாறு சென்ற பருவத்தில் எம்மிடம் அளித்தார். ‘உழைப்புப்படைப் பங்கேற்பு வீதம்’ என்பது அதன் தலைப்பு. படை என்னும் சொல் எமக்குச் சற்றே உறுத்திற்று. எனினும் அதனினும் நல்ல சொல் அகப்படவில்லை.

பொருள் எளிதே. வேலையில் இருப்போரும், வேலையின்றி அதனைத் தேடுவோரும், கிடைத்தால் செய்ய ஆயத்தமாய் இருப்போரும் சேர்ந்ததே உழைப்புப்படை. பதினைந்து வயது நிரம்பியோர் நூற்றுவருள் அத்தகையோர் எத்தனை பேர் என்பது பங்கேற்பு வீதம். வேலையின்மை வீதமோ மக்கள்தொகையைக் கொண்டன்று, இப்படையைக் கொண்டே வகுக்கப்படுகிறது. ஆகவே, தேடிச் சலித்த இளைஞர் ஒருவர் தேடுவதையே விட்டுவிட்டால் வேலையின்மை வீதம் குறைந்துவிடும். அவருக்கு வேலை கிடைத்திராது! மாணவர் மயங்கும் இடம் இது.

படிப்போர், வீட்டுப் பணி மட்டும் பார்ப்போர் ஆகியோர் படைக்குப் புறத்தே நிற்பர் என்று குறிப்பு தொடர்ந்தது. ‘வீட்டுப் பணி மட்டும்’ என்ற இடத்தில் எம் எழுதுகோல் நின்றுவிட்டது.

1991 பிப்ரவரி. எமக்குப் பத்து வயது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஓர் ஆசிரியர் எம் தெருவுக்கு வந்தார். வாப்பா கடைக்குப் போயிருந்தார். அயல் ஆடவர் முன் வாராத வழக்கினால் உம்மா திரைக்குப் பின்னே இருந்தார். விடை சொல்லும் பெருமை எமக்குக் கிட்டியது. “உம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?” என்றார் ஆசிரியர். “வேலைக்குப் போகல சார், வீட்டுல சும்மாதான் இருக்காங்க” என்றோம். அவரும் அவ்வாறே எழுதிக்கொண்டார். திரைக்குப் பின்னே உம்மாவின் மடியில் சுளகு இருந்தது. ஈர இலையைக் கத்தரிக்கும் ஓசை நாம் பேசி முடிக்கும்வரை நிற்கவில்லை.

நாளொன்றுக்கு எண்ணூறு பீடி சுற்றிய கை அது. எம் பள்ளிச் சீருடையும், பின்னாளில் எம்.ஃபில். கட்டணத்தில் ஒரு பகுதியும் அந்தச் சுளகிலிருந்தே வந்தன. அக்கணக்கெடுப்பின் இலக்கணப்படி, ஆண்டில் 183 நாள்களுக்குக் குறையாமல் உழைப்பவர் முதன்மைத் தொழிலாளர்; வீட்டிலிருந்தே செய்யும் தொழிலும் அதில் அடங்கும். இலக்கணத்தில் பிழையில்லை, எம் விடையிலேதான் பிழை. 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டமும் வீட்டில் சுற்றுவோரைத் தொழிலாளர் என்றே ஏற்றிருந்தது. ஓர் ஏட்டில் தொழிலாளர்; மற்றோர் ஏட்டில் தொழில் செய்யாதவர்!

2017இல் தொடங்கிய காலமுறை உழைப்புப்படை ஆய்வு இருவகையாய் வினவுகிறது. ஓராண்டின் வழக்கமான நிலை ஒன்று. கடந்த ஏழு நாள்களின் நிலை மற்றொன்று. இரண்டாவதில், ஏழு நாள்களுள் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் வேலையில் உள்ளவரே. வழக்கமான நிலைப்படி, இந்தியப் பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3 விழுக்காடு, 2023-24இல் 41.7 விழுக்காடு. அதே ஆண்டில் ஆண்களுக்கு 78.8. இவ்வேற்றத்தில் பெரும்பகுதி நாட்டுப்புறத்துச் சுயதொழிலும், குடும்பத் தொழிலில் ஊதியமின்றிக் கைகொடுப்பதுமே என்பர். அவற்றுள் எவ்வளவு புதிய உழைப்பு, எவ்வளவு முன்பே இருந்து இப்போது எண்ணப்பட்டது என்பதை நண்பரிடம் கேட்டோம். அதுவே பெரிய வழக்கு என்று சிரித்தார்.

அன்றிரவு ஆய்வாளர் கேட்கும் வினாவை உம்மாவிடமே கேட்டோம்: “போன ஏழு நாள்ல, ஒரு மணி நேரமாச்சும் காசு வர்ற வேலை எதுவும் பார்த்தீங்களா உம்மா?”

“நான் என்னைக்கு வேலைக்குப் போனேன்? சும்மாதானே இருந்தேன்” என்றார்.

கண்ணில் புரை விழுந்து, அவர் சுளகை இறக்கிவைத்துப் பத்தாண்டுகள் ஆகின்றன. இவ்வாண்டுக்கு மட்டும் அவ்விடை சரியே.