சேக்காளிகளை விட்ட பையன்

மிளகு அறுவடைக் காலத்தில் உக்குவளை, இரத்தோட்டைப் பக்கம் கொடிக்குக் காவல் இருக்க வேண்டும். இருட்டில் பையன்கள் பச்சையாகவே உருவிச் சாக்கில் கட்டிவிடுவார்கள். எந்தக் கொடி என்று கேட்காமல் நிறுத்து வாங்கும் கடையும் எங்காவது இருக்கும். கடைக்காரரை யாரும் கள்ளன் என்பதில்லை. பிடிபட்ட பதினைந்து வயதுக்காரனுக்கு மட்டும் லயத்தில் அன்றைக்கே பட்டம் விழுந்துவிடும்.

அந்தப் பட்டம் ஆயுளுக்கும் பொருந்துமா? நியூசிலாந்தின் டனீடனில் 1972-73இல் பிறந்த 1037 பிள்ளைகளை ஆய்வாளர்கள் இன்றுவரை தொடர்கிறார்கள். அந்த ஆய்வில் ஈடுபட்ட டெரி மொஃபிட் 1993இல் தப்புவழி போகும் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார். மூன்று, நான்கு வயதிலேயே அடங்காமல், வீட்டின் அடிதடியும் சேர்ந்து, வளர்ந்த பின்னும் விடாதவர்கள் சிலர். அவர்களுக்குப் பாலர் வகுப்பிலேயே கைகொடுக்க வேண்டும். மற்றப் பெருங்கூட்டம் மீசை அரும்பும்போது சேக்காளிகளோடு தொடங்கி, இருபதுகளில் விட்டுவிடும். உடம்பு ஆளாகிவிட்டது, கையில் காசுமில்லை, சபையில் மதிப்புமில்லை என்ற இடைவெளியில் வரும் குணம் அது.

எப்படி விடுகிறார்கள்? பொஸ்டனில் குளூக் தம்பதியர் ஆராய்ந்த 500 சீர்திருத்தப் பள்ளிப் பையன்களில் சிலரை, அவர்கள் எழுபதை நெருங்கிய பிறகு, லாப், சாம்ப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் தேடிப்பிடித்துப் பேசினார்கள். நிலையான வேலை, நல்ல மனைவி, இராணுவம் என்று ஏதோவொன்று, விட்டவர்களைப் பிடித்து வைத்திருந்தது. உபதேசம் கேட்டுத் திருந்தியவர்கள் அதிகமில்லை. (ஆயுள் முழுக்க உபதேசம் செய்த வாத்தியாருக்கு இது கசக்கத்தான் செய்கிறது.)

நான் படிப்பித்த ஒருவன் தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை தூக்கப் போனான். பழைய சேட்டையை எப்படி விட்டாய் என்றேன்.

"விடணும்னு நெனச்சு விடல்ல சேர். ராவெல்லாம் லொறி வரும். விடிஞ்சா தூக்கம். அவனுகளோட நிக்க எங்க நேரம்?"

இலங்கையில் சட்டம் கொஞ்சம் இரங்கியிருக்கிறது. எட்டாக இருந்த குற்றப் பொறுப்பு வயதை 2018இல் பன்னிரண்டாக்கினார்கள். சிறைக்குப் பதில் நன்னடத்தை உத்தியோகத்தரின் கண்காணிப்பில் விடும் வழி 1944 முதலே உண்டு. ஊர்தான் இரங்கவில்லை. பதினாறில் செய்ததை இருபத்திரண்டிலும் சொல்லிக்காட்டுகிறோம். வேலைக்குப் போனால் பொலிஸ் அறிக்கை, கிராம சேவகர் சான்றிதழ் கேட்கிறார்கள். பெண் கேட்டுப் போனால், "அந்த மிளகுக் கேஸ் பையனா?" என்கிறோம். வேலையையும் கல்யாணத்தையும் நாமே தடுத்துவிட்டால், அவனைச் சேர்த்துக்கொள்ளப் பழைய சேக்காளிகள் மட்டும்தான் மிச்சம்.