ஆயிரமாவது முட்டை

மொஸ்கோவில் நான் படித்த பல்கலைக்கழகத்துக்கு அப்போது பத்ரிஸ் லுமும்பாவின் பெயர். 1992இல் அந்தப் பெயரைக் கழற்றினார்கள். 2023இல் மறுபடி மாட்டியிருக்கிறார்கள். மிக்லூஹோ-மக்லாயா வீதி விடுதியை நினைக்கிறபோது எனக்கு முதலில் கண்ணுக்குள் வருவது லுமும்பாவுமல்ல, லெனினுமல்ல. கையில் கூடையோடு நிற்கிற ஓர் ஓநாய்.

உள்ளங்கையில் அடங்குகிற விளையாட்டுச் சாமான் அது. பெட்டியில் 'எலெக்ட்ரோனிகா ஐஎம்-02' என்று இருக்கும். அப்படிச் சொல்லி ஒருவரும் கேட்டு நான் அறியேன். 'நூ, பகதீ!' என்றால்தான் விளங்கும். சோயுஸ்முல்த்ஃபில்ம் ஸ்டூடியோ 1969 தொடக்கம் எடுத்துவந்த கார்ட்டூன் தொடரின் பெயர். முயலைத் துரத்தித் துரத்தி அடிவாங்குவதே ஓநாய்க்குத் தொழில். ரஷ்ய மொழி பழகிக்கொண்டிருந்த முதல் வருடத்தில் எங்களுக்கு அது பெரிய ஆறுதல், ஏனென்றால் அதில் கதைப்பது மிகக் குறைவு. அனத்தோலி பப்பானொவ் என்ற நடிகர் ஓநாய்க்காக உறுமுவார், இருமுவார், முனகுவார். இலக்கண வகுப்பில் திக்குமுக்காடிய நாங்கள் விடுதித் தொலைக்காட்சிக்கு முன்னால் ரஷ்யப் பெடியள் சிரித்த அதே இடத்தில் சிரித்தோம்.

விளையாட்டின் விலை 25 ரூபிள். எங்கள் மாத உதவித்தொகையே 90 ரூபிள்தான். அதில் சாப்பாடும் புத்தகமும் போக வாங்குகிற சாமான் இல்லை. என் அறையிலிருந்த ரஷ்யப் பெடியனுக்கு அவன் தாய் வாங்கிக் கொடுத்திருந்தார். சின்னப் பிள்ளைகளின் சாமான் என்று நக்கலடித்தவர்கள்கூட இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் கதவடிக்கு வந்துவிடுவார்கள்.

திரையில் பக்கத்துக்கு இரண்டாக நாலு கோழிகள். அவை இடுகிற முட்டைகள் சரிந்த பலகை வழியே ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஓரடியாக உருண்டு வரும். நடுவில் நிற்கிற ஓநாய்க்கு நாலு நிலைகள்: இடம் மேல், இடம் கீழ், வலம் மேல், வலம் கீழ். பொத்தான்களும் நாலு. அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் நூறு முட்டை தாண்டியபிறகு கண்ணால் பார்த்து விளையாட முடியாது, 'டிக்' சத்தத்தின் தாளத்துக்குக் கட்டைவிரல் தானாக ஓட வேண்டும். மிருதங்கம் பழகிய ஒருவன் எங்களோடு இருந்தான். அவனை ஒருவராலும் வெல்ல முடியவில்லை.

மூன்று முட்டை உடைந்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் மேலே ஜன்னலில் முயல் தலைநீட்டிக்கொண்டிருக்கும்போது தவறவிட்டால் உடைந்த முட்டையிலிருந்து ஒரு குஞ்சு ஓடிப்போகும். அது அரைப் பிழைதான். எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடு. தொடர் முழுக்க ஓநாயை நாங்கள் பார்த்துச் சிரித்தோம். இங்கே ஓநாய் நாங்களே. முயல் வந்து நின்றால் பாதித் தண்டனை மன்னிப்பு. கார்ட்டூன்காரர்களுக்கு இந்த நியாயம் தோன்றவேயில்லை.

சோவியத் மூளையில் உதித்த சாமான் என்றுதான் அப்போது நம்பியிருந்தோம். உண்மையில் அது நின்டெண்டோ 1981இல் வெளியிட்ட மிக்கி மவுஸ் விளையாட்டின் அச்சொட்டான நகல். குன்பே யொகோய் என்பவர் 1980இல் தொடங்கிவைத்த 'கேம் அண்ட் வாட்ச்' வரிசையில் வந்தது. மிக்கி நின்ற இடத்தில் ஓநாய். மின்னி எட்டிப்பார்த்த ஜன்னலில் முயல். இதை அறிந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருக்கவில்லை. மிக்கியைவிட அந்த ஓநாய்தான் முட்டை பொறுக்கப் பொருத்தமான ஆள் என்று இன்றைக்கும் வாதாடுவேன்.

1987 ஓகஸ்டில் பப்பானொவ் இறந்துபோனார். விடுமுறை முடிந்து விடுதி நிறைந்தபோது கடைசியறை வரை அதே கதைதான். 1993இல் தொடரை மறுபடி எடுத்தார்கள், பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து அவருடைய குரலை வெட்டி ஒட்டி. அதற்குள் சோவியத் ஒன்றியமே இல்லை. நான் அதைப் பார்த்தேன், முழுதாகப் பார்க்கவில்லை.

ஆயிரம் முட்டை கதைக்கு வருகிறேன். அந்த நாட்டில் இதைக் கேள்விப்படாத பிள்ளை இல்லை: ஆயிரம் புள்ளி எடுத்தால் திரையில் கார்ட்டூன் ஓடும். பார்த்த ஒருவரைத் தெரிந்த ஒருவரை எல்லோருக்கும் தெரியும். திரையைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால் ஓநாயின் நாலு உருவங்களும் எல்லா முட்டைகளும் ஒரே நேரத்தில் ஆவிகள்போல மங்கலாகத் தெரியும். அங்கே எதுவும் அசைவதில்லை. முன்கூட்டியே பதித்துவைத்த உருவங்களில் எதற்கு மின்சாரம் போகிறதோ அது கறுக்கும். அந்தக் கண்ணாடிக்குள் கார்ட்டூன் எந்த வழியால் வரும்? எங்களில் பாதிப் பேர் பொறியியல் மாணவர்கள். ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

200இலும் 500இலும் பிழைகள் அழிந்து புதுவாழ்வு கிடைக்கும். மிருதங்கக்காரன் ஒருநாள் இரவு இரண்டையும் தாண்டிப் போனான். தொளாயிரத்தில் அறை நிறைந்துவிட்டது. எத்தியோப்பியாக்காரர், கியூபாக்காரர், மேல்மாடி வியட்நாம் பெடியள், எல்லோரும் மூச்சடக்கி நின்றார்கள். 999. அடுத்த முட்டை கூடைக்குள் விழுந்தது. எண் பூச்சியமானது. ஓநாய் பழையபடி முட்டை பிடித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு சாமானின் சொந்தக்காரன் அதை வாங்கித் திருப்பி, முதுகிலிருந்த எழுத்துகளை விளக்கடியில் பிடித்து வாசித்தான். இதைப் பல தொழிற்சாலைகளில் செய்கிறார்களாம். கார்ட்டூன் ஓடுவது மற்றத் தொழிற்சாலையில் செய்ததிலாம். எல்லோரும் தலையாட்டினோம்.