மூட்டைக் கணக்கும் நிரற்பிழையும்

கணிப்பொறி பொய் சொல்லாது என்பர். உண்மையே, ஆயினும், நாம் தவறாகச் சொன்னதையும் அது முகங்கோணாமல் செய்து முடித்துவிடும். நிரல் எழுதக் கற்கும் இளையோர் முதலில் உணர வேண்டிய செய்தி இதுவே. ஒரு குறி விடுபட்டாலோ, ஒரு சொல் பிழைபட்டாலோ கணிப்பொறியே அதைச் சுட்டிக்காட்டும். நிரல் தடையின்றி ஓடித் தவறான விடையைத் தந்தாலோ யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. இதனைத் தருக்கப் பிழை என்பர். மாணவர் பலர் மனந்தளர்வதும் இவ்விடத்திலேதான்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராய் விளங்கிய ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரை ஈன்ற ஊர். அங்கு வேளாண் குடும்பத்தார் ஒருவரின் இல்லத்திற்கு ஒரு விடுமுறை நாளில் சென்றிருந்தோம். அவ்வீட்டு மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்பவள். தமிழகப் பாடநூலில் 2019 முதல் அவ்வகுப்பிற்குப் பைத்தான் மொழி இடம்பெற்றுள்ளது. அம்மொழியில் தானே ஒரு சிறு நிரல் எழுதியிருந்தாள்.

கணக்கு எளியது. நிலக்கடலை மூட்டைகள் ஐந்து. எடை 40, 42, 38, 41, 39 கிலோ. சராசரி 40 வரவேண்டும். திரையில் வந்ததோ 32. மூட்டைகளுள் மிகக் குறைந்ததே 38 கிலோவாக இருக்க, சராசரி அதனினும் குறைவது எங்ஙனம்? விடை தவறென்று அவளுக்குத் தெரிந்தது. பிழை எங்கே என்றுதான் தெரியவில்லை. நிரலை ஏழெட்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, “இந்தப் படிப்பு எனக்கு வராதுங்க ஐயா. காலேஜில வேற பாடம் எடுத்துக்கிறேன்” என்றாள்.

திண்ணையில் இருந்த தந்தையார் குறுக்கிட்டார். “கடைசிப் பாத்திக்குத் தண்ணி வரலேன்னா வீட்டுல உக்காந்து யோசிச்சா ஆகுமா பாப்பா? வாய்க்கா நெடுக நடந்து பாத்தாத்தான் எலிவளை தெரியும்” என்றார்.

அவர் சொன்னதே நாம் சொல்ல எண்ணியதும். நிரலில் மாறி என்பது மதிப்பைத் தாங்கும் கலம். எடையைக் கூட்டும் சுற்று ஒவ்வொன்றிலும் வரிசை எண், எடை, அதுவரையான கூட்டுத்தொகை ஆகிய மூன்றையும் திரையில் காட்டுமாறு ஒரே ஒரு ‘பிரிண்ட்’ கட்டளையைச் சேர்க்கச் சொன்னோம். நான்கு வரிகள் தோன்றின. முதல் வரியில் வரிசை எண் 1, எடை 42, கூட்டுத்தொகை 42; நான்காம் வரியில் கூட்டுத்தொகை 160. “ஐயா, முதல் மூட்டையையே காணோம்!” என்று வியந்தாள் அம்மாணவி.

பைத்தான் மொழி பட்டியலைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவது. அவளோ ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தாள். ஆகவே 40 கிலோ மூட்டை கணக்கில் ஏறவில்லை. 160 ஐந்தால் வகுபட்டு 32 ஆயிற்று. ஒன்று என்னுமிடத்தில் பூச்சியத்தை இட்டதும் விடை 40 வந்தது. வேறு பாடம் எடுக்கும் பேச்சு அதன்பின் எழவில்லை.

இம்முறை சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. 1947 செப்டம்பரில், ஓமந்தூரார் முதல்வராயிருந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் கணிப்பொறி பழுதுற்றபோது, பொறியாளர்கள் உள்ளே தேடி, ஒரு விட்டில் சிக்கியிருக்கக் கண்டு, அதனைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். நிரலியல் அறிஞர் பிரையன் கெர்னிகன் 1979இல் தொடக்க நிலையினர்க்கு எழுதியபோது, கவனமான சிந்தனையும் தக்க இடத்தில் இட்ட அச்சுக் கட்டளையுமே பிழை காண உற்ற துணை என வற்புறுத்தினார். சிந்தனையை அவர் முதலில் வைத்தது கருதத்தக்கது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரடியாகப் பிறந்ததே ‘அல்காரிதம்’ என்னும் சொல். படிப்படியாய்ச் செல்வதே அதன் பொருள். படிப்படியாய்ச் சரிபார்ப்பதும் அதனுள் அடங்கும்.

மாணவச் செல்வங்கள் மூன்றை நினைவிற் கொள்க. விடை என்னவாக இருக்கவேண்டுமென்று முதலில் தாளில் கணக்கிடுக. மதிப்பை மட்டுமன்றி மாறியின் பெயரையும் சேர்த்துக் காட்டச் செய்க. இல்லையேல் எந்த எண் எதனுடையது என்று விளங்காது. பிழை தீர்ந்தபின் அக்கட்டளைகளை நீக்குக.

இன்று செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் நிரல் எழுதித் தருகிறது. அதில் ஒரு மூட்டை விடுபட்டிருந்தால் கண்டுபிடிப்பவர் யார்? எழுதும் வேலை எளிதாக ஆக, சரிபார்க்கும் பொறுப்பு மிகுகிறது. விடை பிழைத்ததும் தம் அறிவைப் பழிப்பதை விடுத்து, பிழை எந்த வரியில் புகுந்தது என்று தேடும் பழக்கத்தை நம் பிள்ளைகள் கைக்கொள்வாராக. அப்பழக்கம் வாய்த்தவர்க்கு இப்பாடம் மட்டுமன்றி எப்பாடமும் கைவரும்.