அமிலம் அறுத்த ஆரக்கால்கள்

பொம்மைக் கார் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். அது ‘ஸ்கேல் மாடல்’. நிஜக் காரை 24இல் ஒரு பங்காகவோ 43இல் ஒரு பங்காகவோ சுருக்கி, எல்லாப் பாகங்களையும் அதே விகிதத்தில் காட்ட வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்தால் தள்ளி நின்று பார்ப்பவருக்கு நிஜக் கார்தான். கிட்டே போனால் முதலில் காட்டிக்கொடுப்பது சக்கரம். அதிலும் கம்பிச் சக்கரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

1961இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப்பை எடுத்துக்கொள்ளலாம். அதன் 15 அங்குலச் சக்கரத்தில் 72 கம்பிகள். ஒவ்வொன்றும் சுமார் 4 மி.மீ. பருமன். 24இல் ஒரு பங்காக்கினால் சக்கரத்தின் விட்டம் 16 மி.மீ.; ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியது. கம்பியோ 0.17 மி.மீ. உருகிய பிளாஸ்டிக்கை எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் அச்சில் இத்தனை குறுகலான சந்துக்குள் அது முழுதாக ஓடாது. பாதி வழியிலேயே உறைந்துவிடும். தப்பித் தவறி ஓடினாலும் அச்சிலிருந்து எடுக்கும்போது முறியும். ஆகவே தயாரிப்பாளர்கள் கம்பியை அரை மி.மீ. அளவுக்குப் பருக்க வைக்கிறார்கள். நிஜக் காரில் அது 12 மி.மீ. ஆகிறது, சுண்டுவிரல் பருமன். மணிக்கு 150 மைல் வேகத்துக்குப் பெயர்பெற்ற கார், மாட்டுவண்டிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ‘போட்டோ எட்ச்’ பாகங்கள். பெயர் புதிதே தவிர விஷயம் பழசு. ஆஃப்செட் பரவுவதற்கு முன் தமிழ்ப் பத்திரிகைகளில் படம் அச்சிட ‘பிளாக்’ எடுத்தார்களே, அதன் தம்பிதான் இது. துத்தநாகத் தகட்டில் ஒளி பட்டால் இறுகும் பூச்சைத் தடவி, நெகட்டிவை வைத்து ஒளி காட்டி, இறுகாத பூச்சைக் கழுவிவிட்டு நைட்ரிக் அமிலத்தில் போட்டால் கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். மாடல் பாகத்துக்குத் துத்தநாகத்துக்குப் பதில் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அரிப்பதற்குப் பெரிக் குளோரைடு. தகட்டின் இரண்டு பக்கமும் படத்தை ஏற்றுகிறார்கள். இரு பக்கமிருந்தும் அரிப்பு வந்து நடுவில் சந்திக்கும்போது தகடு துளைபட்டு, வேண்டிய உருவம் மட்டும் மிஞ்சுகிறது. பழைய கலர் டி.வி.யின் பிக்சர் டியூபுக்குள் லட்சக்கணக்கான துளைகளோடு இருந்த மெல்லிய தகடும் இப்படிப் பிறந்ததுதான்.

தகடு எவ்வளவு மெல்லியதோ, ஏறக்குறைய அந்த அளவு மெல்லிய கோட்டை அதில் அறுத்தெடுக்கலாம். 0.15 மி.மீ. தகட்டில் 0.17 மி.மீ. ஆரக்கால் சாத்தியம். கணக்கு நேராகிவிட்டது. சக்கரம்?

அங்கேதான் சிக்கல். சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பவருக்குத் தெரியும், கம்பிச் சக்கரம் தட்டையானது அல்ல. நடுக்குடத்தின் இரு விளிம்புகளிலிருந்தும் கம்பிகள் கிளம்பி, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு ரிம்முக்குப் போகின்றன. அவை கழி மாதிரி எடையைத் தாங்குவதில்லை, கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுவையின் ஆழம்தான் கம்பிச் சக்கரத்தின் அழகு. அமிலம் தருவதோ ஒரு கோலம். தரையோடு தரையாகக் கிடக்கும் கோலம். குறுக்கே போக வேண்டிய கம்பிகள் அதில் ஒட்டிப்பிறந்த இரட்டையர் மாதிரி இணைந்திருக்கும். கம்பியின் குறுக்குவெட்டும் வட்டம் அல்ல, சதுரம். பிளாஸ்டிக்கில் பருமன் தவறு, வடிவம் சரி. தகட்டில் பருமன் சரி, வடிவம் தவறு. சொல்லுக்குச் சொல் பிசகாமல் வந்து, வாக்கியம் மட்டும் செத்துப்போன மொழிபெயர்ப்புகளை நினைவுபடுத்தும் விஷயம் இது.

கெட்டிக்காரர்கள் இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஒரே தகட்டோடு நிறுத்தாமல் இரண்டு, மூன்று தகடுகள். கண்ணாடி மேல் வைத்துக் கத்தியால் வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, பித்தளையைத் தீயில் லேசாகக் காட்டி இளக்கி, கூம்பான அச்சில் அழுத்திக் குழிய வைக்கிறார்கள். ஒன்று வெளிப்பக்கம் குவிந்து, ஒன்று உள்பக்கம் குவிந்து. ஒன்றின் ஆரக்கால் மற்றதன் இடைவெளியில் தெரியும்படி சற்றுத் திருப்பி, நடுவே குடத்தை வைத்து ரிம்மில் பொருத்தினால் ஆழம் வந்துவிடுகிறது. முலாம் பூசிய ரிம்மின் அருகே சூப்பர் குளூ ஆகாது. அதன் ஆவி பளபளப்பின் மேல் வெண்படலமாகப் படியும். எபாக்சியே உத்தமம். இடுக்கியிலிருந்து துள்ளி ஓடிய ஆரக்கால் தகட்டை டார்ச் அடித்துத் தரையில் தேடுவதும் இந்த வேலையில் சேர்த்திதான். கைக்குக் காசும் பொறுமையும் வந்து சேரும் நாற்பதுகளில் கிட்டப் பார்வை பின்வாங்க ஆரம்பிப்பது இந்தப் பொழுதுபோக்கின் தனிக் கொடுமை.

தட்டையாகவே இருக்க வேண்டிய பொருளுக்குத் தகட்டை மிஞ்ச ஆளில்லை. டிஸ்க் பிரேக்கின் துளையிட்ட வட்டை அப்படி ஒன்று. ஜெர்மனியில் பி.பி.எஸ். கம்பெனியின் வலைப்பின்னல் சக்கரங்களுக்கும் தகடு ஓரளவு கைகொடுக்கும்.

கம்பியைக் கம்பியாகவே கோக்கிறவர்களும் உண்டு. இத்தாலியின் போச்சர் கம்பெனி 8இல் ஒரு பங்கு அளவில் தந்த ஆல்ஃபா ரோமியோ பெட்டிகளில் ஒவ்வொரு கம்பியையும் வாங்கியவரே கோக்க வேண்டும். அந்த அளவில் அது நடக்கும். 16 மி.மீ. சக்கரத்தில் 72 கம்பி, நான்கு சக்கரத்துக்கு 288 என்றால் பெரும்பாலானோர் கும்பிடு போட்டுவிடுவார்கள். இப்போது ரெசினில் முப்பரிமாணமாக அச்சடித்த சக்கரங்களும் கிடைக்கின்றன. வடிவம் அபாரம், ஆனால் அவ்வளவு மெல்லிய ரெசின் நகம் பட்டாலே ஒடியும். பித்தளை வளையும், வளைந்ததை நிமிர்த்தலாம். தகட்டுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

சக்கரம் சரியானதும் இன்னொன்று நடக்கும். அதுவரை கண்ணில் படாத வைப்பர் திடீரென்று உலக்கை மாதிரி தெரியும். பிறகு கிரில், கதவுக் கைப்பிடி, சீட் பெல்ட்டின் கொக்கி. எல்லாவற்றுக்கும் தகடு விற்கிறார்கள்.