அறுவடைக் காலமும் காரின் சுவாசமும்

மெல்போர்ன்



தை பிறந்து சம்பாக் கதிர் தலைசாய்ந்து நிற்கும் நாட்களில், அயல்நாட்டில் வாழும் நம்மவர் பலர் ஊர் திரும்பி, தகப்பனாரோ மைத்துனரோ பல்லாண்டுகளாகப் பேணிவரும் பழைய காரில் ஏறி, தஞ்சையிலிருந்து ஒரத்தநாட்டுக்கும் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் உறவினரைக் காணப் பிரயாணம் செய்வது வழக்கமாதலால், அந்த வாகனத்தில் எவர் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஒரு சிறிய உறுப்பைப் பற்றி இம்மடலில் எழுத விரும்புகிறேன். கம்பெனிப் புத்தகத்தில் கேபின் ஃபில்டர் என்றும், மெக்கானிக்குகள் வாயில் ஏசி ஃபில்டர் என்றும் வழங்கும் அது, முன்கண்ணாடியின் அடியிலுள்ள துவாரங்கள் வழியே புகும் வெளிக்காற்று நம் முகத்தில் வந்து வீசுமுன் கடந்தாக வேண்டிய, மடிப்பு மடிப்பான ஒரு வெள்ளைத் தடுப்பேயாகும்.

காருக்குள் வரும் காற்றை வடிகட்ட வேண்டுமென்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் நாஷ் கம்பெனியார் 1938-லேயே வெளிக்காற்றை வடிகட்டிச் சூடேற்றி உள்ளே செலுத்தும் அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நம் நாட்டிலோ அம்பாசிடரிலும் பழைய மாருதியிலும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றையும் தூசியையும் சேர்த்தே வாங்கிக்கொண்ட பழக்கம் நெடுங்காலம் நிலைத்துவிட்டபடியால், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டால் தூசி தீர்ந்தது என்னும் நம்பிக்கை பலருக்கும் உண்டு. அந்த நம்பிக்கை ஃபில்டர் நன்றாக இருக்கும்வரைதான் மெய்.

நான் வாழும் மெல்போர்ன் நகரத்தில் 2016-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி மாலை, ரை என்னும் புல்லின் மகரந்தம் இடிமழைக் காற்றில் சிதைந்து நுண்துகளாகிப் பரவியதால், ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளை நாட, பத்துப் பேர் உயிரிழந்தனர். அந்தப் புல்லும் நம் நெல்லும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதன் பிறகு வசந்தம் பிறக்குமுன் ஃபில்டரை மாற்றிவிட வேண்டுமென்ற எச்சரிக்கை இங்கே எனக்குத் தெரிந்த பல குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. என்னுடைய பழைய கொரோலாவிலும் அவ்விதமே செய்து வருகிறேன். ஆனால் புழுதியைப் பொறுத்தமட்டில் மெல்போர்ன் வசந்தத்தைத் தஞ்சைத் தரணியின் மாசி மாதத்தோடு ஒப்பிடவே முடியாது.

வயலில் அறுப்பு மிஷின் இறங்கியதும் பதரும் தூசும் சுணையுமாக எழும் புகை போன்ற படலம் சாலையைக் கடந்து அப்பாலுள்ள தோப்பு வரை செல்வதையும், ஈரப்பதம் இறங்க வேண்டுமென்று கொள்முதல் நிலைய வாசலிலும் தார்ச்சாலை ஓரத்திலும் பரப்பிய நெல்லைத் தூற்றுவதையும், பின்னர் பங்குனியில் உளுந்துச் செடிகளை வண்டிகள் ஏறி மிதிக்கட்டுமென்று சாலையின் குறுக்கே போட்டுவைப்பதையும் காவிரி டெல்டாவில் காணாதவர் எவர்? உமியில் சிலிக்கா மிகுதியாதலால் நெல் தூசி வெறும் மண்தூசியைப் போலன்றித் தோலையும் தொண்டையையும் அறுக்கும். இவ்வளவையும் கடந்து செல்லும் கார் தன் சுவாசத் துவாரத்தைத் தானாக மூடிக்கொண்டு செல்வதில்லை.

சென்ற முறை ஊருக்கு வந்திருந்தபோது, எங்கள் அத்தானின் காரில் ப்ளோவரை நான்காம் எண்ணில் வைத்தாலும் கைக்குட்டை அசையாத நிலையைக் கண்டு, கேஸ் குறைந்துவிட்டதென்று அவர் கருதியிருக்க, மெக்கானிக் ஒருவர் வந்து கிளவ் பாக்ஸைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், ஏசி நல்லாத்தான் இருக்கு, காத்து வர்ற வழிதான் அடைச்சிருக்கு" என்றார். அவர் உருவிய ஃபில்டர் சாணி நிறத்தில் இருந்தது. மடிப்புக்குள் வேப்பிலைச் சருகும் நெல்லின் கூரான மூக்குகளும் செருகியிருந்தன. ஒரு மூலையை எலி கடித்துத் துளைத்து, பின்புறம் வைக்கோல் துணுக்குகளால் மெத்தையிட்டு, அதன்மேல் ஒரு கைப்பிடி நெல்லையும் சேமித்து வைத்திருந்தது. அறுவடை முடிந்த வயலில் இரை தீர்ந்த எலி வீட்டை நோக்கி வருமென்பதைத் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் எலிப்பொறியைக் கண்ட மண்ணுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "மாப்பிள்ளை, இத்தனை வருஷமா இதைத்தானே நாங்க மூச்சா இழுத்திருக்கோம்!" என்று அத்தான் சொன்னபோது, பின்னிருக்கையில் நாள்தோறும் பள்ளிக்குச் சென்றுவரும் பேத்தியை அக்காள் திரும்பிப் பார்த்தாள்.

எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடுமாதலால், இத்தகைய பெட்டியைத் திறப்பவர் கையுறையும் முகக்கவசமும் அணிவது அவசியம். மற்றபடி வேலை எளிது. பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸின் இரு பக்கத்தையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே சாயும்; பின்னாலுள்ள மூடியை நீக்கி, பழையதை உருவி, காற்று செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறியைக் கவனித்துப் புதியதைச் செருக வேண்டும். பழைய மாடல்கள் சிலவற்றில் இடம் மட்டும் விட்டு ஃபில்டர் வைக்காமலே விற்றிருக்கிறார்கள். அதையும் மெக்கானிக்கைக் கொண்டு பார்த்துவிடுவது நலம். கம்ப்ரெஸர் காற்றால் ஊதியோ தண்ணீரில் அலசியோ மீண்டும் போடும் வழக்கத்தை நான் ஏற்பதற்கில்லை. பருந்தூசி உதிருமேயன்றி, நுண்தூசியைப் பிடிக்கும் இழையின் திறன் குன்றிவிடும். ஐப்பசி அடைமழையில் நனைந்த அழுக்கு ஃபில்டரோ பூஞ்சையின் இருப்பிடமாகி, வண்டிக்குள் நாற்றத்தையும் கண்ணாடியில் பனிமூட்டத்தையும் உண்டாக்கும்.

சற்று விலை கூடிய கரி ஃபில்டர் வாசனையையும் தடுக்கும். அதற்குரிய கரியைக் கொட்டாங்கச்சியைச் சுட்டும் தயாரிக்கிறார்கள் என்பது பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளை அறிந்த நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

கம்பெனிப் புத்தகம் ஆண்டுக்கொரு முறை என்றோ இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கொரு முறை என்றோ சொல்லும். டெல்டாவில் ஓடும் காருக்கு அந்தக் கணக்குப் போதாதென்பது என் உறுதியான அபிப்பிராயம். குறுவை அறுப்பு முடிந்து மழை வலுக்குமுன் ஒரு முறையும், சம்பா அறுப்பும் உளுந்து அடிப்பும் ஓய்ந்த சித்திரையில் ஒரு முறையும் மாற்றுவதே இந்தப் பூமிக்குப் பொருந்தும். ஊருக்குப் புறப்படும் நண்பர்களே, தகப்பனாரின் கார் என்ன மாடல், எந்த வருஷம் என்று தொலைபேசியில் கேட்டு, அதற்குரிய ஃபில்டரை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வந்திறங்கிய மறுநாள் காலையிலேயே கிளவ் பாக்ஸைத் திறந்து அதை மாற்றிவிடுங்கள்.